அத்திப்பழம்தானே... ஒண்ணும் பண்ணாது!

பண்டிகை வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "உங்களுக்கு ஷுகர் இருக்கு, தொடவே கூடாது" என்ற அதட்டல். இன்னொன்று, "வீட்ல பண்ணினதுதானே, இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க, ஒண்ணும் பண்ணாது" என்ற உபசாரம். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, உங்களைக் கொஞ்சம் தொலைவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் சிசிலித் தீவுக்கு!

அங்கே கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு ஒரு பலகாரம் உண்டு. உலர்ந்த அத்திப்பழம், உலர்திராட்சை, பாதாம், வால்நட், ஆரஞ்சுத் தோல், பட்டை, லவங்கம் எல்லாம் சேர்த்து அரைத்த பூரணம். அதை இனிப்பு மாவுக்குள் வைத்து மடித்து அடுப்பில் வேக வைக்கிறார்கள். சிசிலி மொழியில் இதற்குக் குச்சிதாத்தி என்று பெயர். இத்தாலிய மொழியில் புச்செல்லாத்தி. இந்தப் பெயருக்கு வேர், பழைய லத்தீனில் உள்ள 'புக்கெல்லா' என்ற சொல். அதன் பொருள், சின்னக் கவளம். பார்த்தீர்களா, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது!

அத்தியும் பாதாமும் அந்தத் தீவுக்கு வெகு காலமாகச் சொந்தம். 827-ல் அரபியர் அங்கே கால் வைத்தார்கள். கரும்பும் புளிப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் அவர்கள் காலத்தில்தான் பரவின. சிசிலி இனிப்புகளில் இன்றைக்கும் அந்த வாசனை அடிக்கிறது.

சரி, வெண்ணெயும் சர்க்கரையும் போட்ட இந்தப் பலகாரத்தைச் சாப்பிட்டு அந்தக் காலத்து சிசிலிக்காரர்கள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? அத்திப்பழத்தின் மகிமை என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இல்லை. அந்தப் பலகாரத்துக்கு மூன்று பூட்டுகள் இருந்தன.

முதல் பூட்டு, காலம். கோடை முடிவில் பழுத்த அத்தியை வெயிலில் உலர்த்தி, கிறிஸ்துமஸுக்கென்று எடுத்து வைத்தார்கள். ஆண்டு முழுக்கச் செய்யும் பண்டம் அல்ல. இரண்டாவது, உழைப்பு. அரைக்க, பிசைய, தேய்க்க, மடிக்க என்று ஒரு நாள் வேலை. பாட்டி, மகள், மருமகள், பேத்தி எல்லோரும் உட்கார்ந்தால்தான் முடியும். மூன்றாவது, பங்கு. உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தட்டுத் தட்டாகக் கொடுத்தது போக மீதிதான் வீட்டுக்கு.

இப்போது கடையில் ஒரு டப்பா வாங்கினால் மூன்று பூட்டும் ஒரே நொடியில் திறந்துவிடுகின்றன. டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அரை மணியில் டப்பா காலி. அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் செய்யுங்கள். வீட்டில் செய்தால் பலகாரம் மருந்தாகிவிடும் என்பதற்காக அல்ல. பூட்டுகள் திரும்ப வரும் என்பதற்காக.

செய்முறை இதோ.

பூரணத்துக்கு: உலர்ந்த அத்தி 300 கிராம், உலர்திராட்சை 100, வறுத்த பாதாம் 100, வால்நட் 50, கறுப்புச் சாக்லெட் 50, தேன் 2 மேஜைக்கரண்டி, ஒரு ஆரஞ்சுப் பழத்தின் துருவிய தோலும் சாறும், பட்டைப் பொடி அரை டீஸ்பூன், லவங்கப் பொடி ஒரு சிட்டிகை. சிசிலியில் மர்சாலா என்ற ஒயினும் ஊற்றுவார்கள். நமக்கு ஆரஞ்சுச் சாறே போதும்.

மாவுக்கு: மைதா 500 கிராம், சர்க்கரை 125, வெண்ணெய் 150, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பிசையத் தேவையான பால். பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். வெண்ணெயில் செய்தாலும் நன்றாகவே வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வனஸ்பதி பக்கம் போகாதீர்கள்.

அத்திப்பழத்தை அப்படியே மிக்ஸியில் போட்டுவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து பாருங்கள். பூஞ்சணம், பூச்சி, கறுத்த பொடி இருந்தால் தூக்கி எறியுங்கள். உலர்ந்த அத்தியில் சில வகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலுக்கு ஆகாது. வேக வைத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது.

நல்ல பழங்களைக் காம்பு நீக்கி, பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு வடித்து, மற்றவற்றோடு கரகரப்பாக அரைத்து ஓர் இரவு ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். மறுநாள் மாவைப் பிசைந்து ஒரு மணி நேரம் குளிர வைத்து, நான்கு விரல் அகலப் பட்டைகளாகத் தேய்க்க வேண்டும். நடுவில் விரல் கனத்துக்குப் பூரணத்தை நீளமாக வைத்து மூடி, ஒட்டின பக்கம் அடியில் வரும்படி திருப்பி, சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மேலே இரண்டு கீறல் போடுங்கள். 180 டிகிரி ஓவனில் சுமார் 20 நிமிடம் வைத்தால், பொன்னிறமாக 50 துண்டுகள் கிடைக்கும்.

இனி கணக்கு. இந்த அளவில் ஒரு துண்டு ஏறக்குறைய 30 கிராம். அதில் சுமார் 115 கலோரி. நடுத்தர இட்லி இரண்டு சாப்பிட்ட மாதிரி! சர்க்கரைச் சத்து மட்டும் ஏழெட்டு கிராம். அதில் பாதிக்கு மேல் பழத்திலிருந்து வருவது. "அத்திப்பழம்தானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 100 கிராம் உலர்ந்த அத்தியில் கிட்டத்தட்ட 10 கிராம் நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் அதே 100 கிராமில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போய்விட்டதால் இனிப்பு செறிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"சர்க்கரையை எடுத்துட்டு முழுக்கத் தேனே ஊத்திடலாமே?" என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் தேனும் சேர்த்தி. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டால் நார்ச்சத்து கொஞ்சம் கூடும். கலோரி குறையாது. குறைக்க வேண்டுமானால் ஒரே ஒரு இடம் இருக்கிறது. மேலே பூசும் சர்க்கரைப் பாகையும் கலர் மணிகளையும் விட்டுவிடுங்கள். 100 கிராம் ஐசிங் சர்க்கரை பூசினால் துண்டுக்கு 2 கிராம் கூடுகிறது. பூரணத்தின் ருசிக்கு அது தேவையே இல்லை.

மற்றபடி பலகாரத்தை மாற்றி மாற்றி 'ஆரோக்கிய' வேஷம் போட வேண்டாம். அப்படிப் போட்டால் நடப்பது என்ன தெரியுமா? ஒன்று சாப்பிட வேண்டியவர், "இது ஹெல்த்துக்கு நல்லது" என்று ஆறு சாப்பிடுவார்.

சில எச்சரிக்கைகள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. பாதாம், வால்நட் ஒவ்வாதவர்கள் தள்ளியே இருக்க வேண்டும். உலர்ந்த அத்தியில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். யாருக்காவது தட்டு நீட்டும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள்? நோய் கட்டுக்குள் இருந்து, டாக்டரும் தடை சொல்லாவிட்டால், ஒரு துண்டு சாப்பிடலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து, அந்த வேளைச் சாப்பாட்டில் அதற்கு ஈடாகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். கூடவே ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் கூடாது.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன அதட்டலுக்கு வருகிறேன். எழுபது வயதுப் பெரியவரை எல்லோர் எதிரிலும் "தொடாதே" என்று சொல்லிவிட்டு, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவது எந்த வைத்தியம்? அவர் ராத்திரி எழுந்து டப்பாவைத் தேடுவார். மறைத்துச் சாப்பிடும் நாலு துண்டு யார் கணக்கிலும் வராது. எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடும் ஒரு துண்டு கணக்கில் வரும்.

ஆகவே, இந்த டிசம்பரில் செய்து பாருங்கள். தனியாகச் செய்யாதீர்கள், வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பூரணம் உருட்டட்டும், பேரன் கீறல் போடட்டும். முப்பது துண்டுகளை அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மீதி இருபதை வீட்டில் எல்லோருமாக, ஆளுக்கு நாளுக்கு ஒன்று என்று சாப்பிடுங்கள்.

தீர்ந்ததும் உடனே இன்னொரு முறை செய்து விடாதீர்கள். அடுத்த கிறிஸ்துமஸ் வரட்டும்!