மலைக்கு யார் கற்பித்த தீட்டு?

தஞ்சை, நாகைப் பக்கம் மலையே கிடையாது. சுவாமிமலைகூடக் கட்டி எழுப்பிய குன்றுதான். அறுபது படிக்கு அறுபது தமிழ் வருஷப் பெயர். அந்தப் படியில் ஏறும் பெண்ணிடம் யாரும் வயது கேட்பதில்லை.

வேளாங்கண்ணியிலும் கேட்பதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பெண்கள் காவிப் புடவையில் நடந்து வருகிறார்கள். கால் கொப்புளத்தோடு சுடுமணலில் முழங்காலிட்டும் நகர்கிறார்கள். இத்தனை நாள் நடக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு வழியிலேயே மாதவிடாய் வந்திருக்கும்? துணியை மாற்றிக்கொண்டு மேலே நடக்கிறார்கள். மாதா கோபித்ததாகச் செய்தி இல்லை. (அந்த மாதாவின் பீடத்தில் பூசை வைக்க இன்றுவரை ஆணுக்குத்தான் உரிமை. அதையும் மறைக்க வேண்டாம்.)

இனி மேற்கே போவோம். கோவைக்கு அருகே பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை ஏறினால் வெள்ளியங்கிரி ஆண்டவர், தென்கயிலாயம் என்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை லட்சக்கணக்கில் ஏறுகிறார்கள். மாதவிடாய் வயதில் இருக்கும் பெண்ணுக்கு மட்டும் அனுமதி இல்லை. சிறுமி போகலாம், கிழவி போகலாம். ஆக, தடை பெண்ணுக்கு அல்ல, அவள் கருப்பைக்கு.

காரணம் கேட்டால் பாதை கடினம் என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் பாறையில் அடித்த கடப்பாரையையும் சங்கிலியையும் பிடித்துப் பெண்கள் ஏறுகிறார்களே, அங்கே இருப்பதும் சிவன்தானே? 2024-இல் வெள்ளியங்கிரி ஏறிய ஆண்கள் சிலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்தார்கள். அதற்காக ஆண்களைத் தடுத்தார்களா? இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவுரை சொன்னார்கள். நமக்கு அந்த அறிவுரை போதாதாம், தடையே வேண்டுமாம்.

இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. ஜப்பானின் புனித மலை ஃபூஜி, 3,776 மீட்டர். அதன் தெய்வம் கோனோஹனசாகுயா ஒரு பெண். பிள்ளை தன் கணவனுடையதுதான் என்று நிரூபிக்க எரியும் குடிசைக்குள் இருந்து பெற்றாளாம். சீதையின் அக்காள் போல! அவள் மலையிலேயே, குறிப்பிட்ட இடத்துக்கு மேல் பெண் போகக் கூடாது. 1832-இல் தகயாமா தத்சு என்ற பெண் ஆண் உடையில் உச்சி ஏறினார். 1872-இல் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டு இத்தகைய தடைகளை நீக்கியது. ஃபூஜி இடிந்து விழவில்லை. அதே நாட்டின் ஜுன்கோ தாபெய் 1975-இல் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண் ஆனார். ஆனால் நாரா பகுதியின் ஓமினே மலையில் மட்டும் தடைப் பலகை இன்னும் நிற்கிறது. 2004-இல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். உலகமே கைதட்டிப் பாதுகாக்கும் பாரம்பரியத்தில் இதுவும் ஒன்று போலும்.

தமிழைத் தந்ததாகச் சொல்லப்படும் அகத்தியரின் மலைக்கும் இதே கதைதான். கேரளப் பக்கமிருந்து அகத்தியர்கூடம் உச்சிக்குப் போகப் பெண்களுக்கு வழி திறந்தது 2018 நவம்பரில், உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். அடிவாரத்தில் காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் வழி மறிக்கவில்லை. இதே காலத்தில் சபரிமலையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு கையில் இருந்தும் பெண்கள் போலீஸ் காவலோடு, இருட்டில் போக வேண்டியிருந்தது.

டெல்டாப் பெண்ணுக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், திருப்பூர்ச் சாயத்தையும் சுமந்துகொண்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஆடிப் பதினெட்டில் அந்தக் காவிரியை மசக்கைக்காரி என்று சொல்லிக் காதோலை கருகமணியும் சித்திரான்னமும் படைக்கிறோம். ஆறு பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கலாம். அது புறப்படும் மலைக்கு மட்டும் நம் உடம்பு ஆகாதா? அந்தத் தண்ணீரில் முழங்கால் சேறோடு குனிந்து நாற்று நடுகிற பெண் எந்த நாளில் இருக்கிறாள் என்று நெல்லைத் தின்கிறவர் விசாரித்ததுண்டா?

வழக்கம் என்பது ஒரு காரணம் ஆகாது. பூண்டிக் கோயிலை நிர்வகிப்பது அறநிலையத் துறை. மலைப்பாதை வனத்துறையிடம் இருக்கிறது. இரண்டும் நம் வரிப்பணத்தில் நடக்கிற அரசுத் துறைகள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நம்மை நிறுத்துகிறார்கள் என்று எழுத்தில் தரட்டும். வரும் பிப்ரவரியில் பாதை திறக்கும்போது அடிவாரத்தில் நின்று இதைத்தான் கேட்க வேண்டும், முடிந்தால் கூட்டமாக.