எலியைக் காட்டி மிரட்டாதீர்கள்

“வார்ஃபரின் எலிமருந்து. அதைப் போய் மனுஷனுக்குக் கொடுக்கிறார்கள். பூண்டு சாப்பிட்டாலே ரத்தம் இளகிவிடும்.” இதய நோயாளிகளிடம் இப்படி ஓதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சம்பா வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலியோடு மல்லுக்கட்டும் விவசாயியிடம் எந்தப் பயம் எடுபடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல மறுக்கிறார்கள்.

எலிக் கதையையாவது முழுதாகச் சொல்லட்டும். 1920-களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குக் கொடுக்கப்பட்டது. நஞ்சாவதும் மருந்தாவதும் அளவைப் பொறுத்தது. அதற்காகத்தான் பெரும்பாலான நோயாளிகளுக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்துக் கண்காணிக்கிறார்கள்.

இந்த மாத்திரை எதற்கு? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு என்று ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1991-இலேயே காட்டியது. பூண்டு இதைத் தடுக்கும் என்பதற்கு ஓர் ஆய்வையாவது காட்டுங்கள்.

“ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுக்கிறார்களே, அது போதாதா?” என்பது அடுத்த வாதம். போதாது. குழாயில் படிந்த கொழுப்பு வெடிக்கும் இடத்தில் தட்டணுக்கள் குவிகின்றன. அங்கே ஆஸ்பிரின் உதவும். தேங்கிய ரத்தம் உறையும்போது ஆஸ்பிரினின் கை ஓங்குவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள, 75 வயதைத் தொட்ட, தாண்டிய 973 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், முடக்கும் பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 3.8 சதவீதம், வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு 1.8 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு வார்ஃபரினால் கூடவும் இல்லை. அடைப்பும் சேர்ந்திருந்தால் அபாயம் இன்னும் ஏறும்; பக்கவாத அபாயத்தைக் கணிக்க மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணில் அதற்கும் ஒரு புள்ளி உண்டு.

வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம், பலர் இளம்பெண்கள். வாதக் காய்ச்சல் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. புதிய மருந்தான ரிவராக்சபான் எடுத்தவர்களைவிட, வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு. நீங்கள் எலிமருந்து என்று ஏசுவது உயிர்களைக் காத்து நிற்கிறது.

அளவு மீறினால் ரத்தம் கசியும், யாரும் மறுக்கவில்லை. உங்கள் அக்கறை உண்மையானால், பேராவூரணிக்காரரும் ஒரத்தநாட்டுக்காரரும் ஒருநாள் கூலியை விட்டு அலையாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஐஎன்ஆர் பார்க்க வழி கேட்டுப் போராடுங்கள், நாங்களும் வருகிறோம். மாத்திரையை நிறுத்தச் சொல்ல மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை.