ஜனாஸா எரிப்பும் விஞ்ஞானத்தின் பெயரும்: கொள்கை வகுக்கும் மேசையில் நமது பிள்ளைகள் எங்கே?

2020 டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்ட காட்சியை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் ஜனாஸா, பெற்றோர் சம்மதிக்காத நிலையில் எரிக்கப்பட்டது. அதற்கான மௌன எதிர்ப்பே அந்தக் கபன் துணிகள்.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் 276 என்பதையும் அரசே ஏற்றுக்கொண்டது. மன்னிப்பு கிடைத்தது, எரிந்தவை எரிந்தவைதான். பொறுப்புக்கூறல் பற்றிய கேள்வி இன்னும் மூடப்படவில்லை. அது மூடப்படவும் கூடாது. அதனோடு நம்மை நோக்கி நாமே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "இது விஞ்ஞானத்தின் முடிவு" என்று சொல்லப்பட்டபோது, அதை அந்த மேசையிலேயே அமர்ந்து, அதே மொழியில் கேள்விக்குட்படுத்தக்கூடியவர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்?

நடந்தது என்ன?

2020 மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட இடைக்கால வழிகாட்டலில் கொவிட் காரணமாக இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று கூறப்பட்டிருந்தது. எரித்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் அது சுட்டிக்காட்டியது. ஆயினும் மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் மரணித்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை என்று அளவுகளும் அதில் குறிக்கப்பட்டன. எண்கள் நிறைந்த அந்த ஒழுங்குவிதி பார்ப்பதற்கு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது போலவே இருந்தது.

அடக்கத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட பிரதான வாதம் நிலத்தடி நீர். உடலிலிருந்து வைரஸ் நீரில் கலந்து பரவலாம் என்றார்கள். இந்த நோய் பரவுவது சுவாசத்தின் வழியாக என்றும், அடக்கத்தினால் நீர் வழியே அது பரவியதற்கு ஆதாரம் இல்லை என்றும் மருத்துவர்களும் வைரஸ் துறை நிபுணர்களும் எடுத்துரைத்தனர். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் இது தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களைக் காரணம் கூறாமலேயே நிராகரித்தது. அதே மாத இறுதியில் பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு, உரிய பாதுகாப்புடன் அடக்கத்தையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவ சங்கமும் அதே நிலைப்பாட்டுக்கு வந்தது. ஆனால் வர்த்தமானி மாற்றப்பட்டதோ பெப்ரவரி 25ஆம் திகதி, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற மறுநாள். மார்ச் 5ஆம் திகதி முதல் ஒட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கங்கள் தொடங்கின. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே துயில்கிறார்கள். அவர்களில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் உள்ளனர்.

மார்க்கமும் விஞ்ஞானமும் மோதினவா?

இல்லை. அதே 2020 மார்ச்சில் ஜும்ஆவையும் ஜமாஅத் தொழுகைகளையும் நிறுத்துமாறு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கேட்டுக்கொண்டது. நாம் கட்டுப்பட்டோம். அந்த ரமழானில் தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். கூட்டத்தில் நோய் பரவுகிறது என்பதற்குச் சான்று இருந்தது. உயிர் காப்பது மார்க்கத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதும் தெரிந்திருந்தது. சான்று இருந்த இடத்தில் விட்டுக்கொடுத்த சமூகம், சான்று இல்லாத இடத்தில்தான் கேள்வி கேட்டது.

ஆகவே சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆபத்து எவ்வளவு என்று விஞ்ஞானம் சொல்லும். அந்த ஆபத்தைத் தவிர்க்க யார் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை விஞ்ஞானம் சொல்லாது. அது விழுமியம் சார்ந்த தீர்ப்பு. "ஆபத்து அறவே இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்டால் எந்த விஞ்ஞானியும் தடுமாறுவார். ஏனெனில் பூச்சிய ஆபத்து என்று எதுவுமே இல்லை. அந்தத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, "சந்தேகம் இருக்கிறது, எனவே எரிப்போம்" என்றார்கள். சந்தேகத்தின் முழுச் சுமையும் இறந்தவர்களை அடக்கம் செய்யும் சமூகங்களின் தலையில் இறங்கியது. நிலத்தடி நீர் ஆழமாக உள்ள வரண்ட பகுதியைத் தெரிவு செய்வது போன்ற இலகுவான மாற்று வழி, கடைசியில் ஒட்டமாவடியில் பின்பற்றப்பட்ட அதே வழி, ஏன் முதல் மாதத்திலேயே பரிசீலிக்கப்படவில்லை? பொதுச் சுகாதார அறநெறியின் பாலபாடமே இதுதான்: ஒரே பயனைத் தரும் வழிகளில் மனிதரை மிகக் குறைவாகப் புண்படுத்தும் வழியையே அரசு எடுக்க வேண்டும்; எடுத்த முடிவுக்குக் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

இதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை

விஞ்ஞானம், அறநெறி, பொதுக்கொள்கை மூன்றும் சந்திக்கும் இந்த இடத்தைப் பட்டப்பின்படிப்பாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இன்று இருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் உயிரியல் அறநெறியும் விஞ்ஞானக் கொள்கையும் இணைந்த முதுமாணிப் பட்டத்தை வழங்குகிறது. தோஹாவிலுள்ள ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகத்தில் பிரயோக இஸ்லாமிய அறநெறியில் முதுமாணிக் கற்கை உண்டு. நமக்கு அண்மையில், மங்களூரின் ஏனபோயா பல்கலைக்கழகம் உயிரியல் மற்றும் மருத்துவ அறநெறியில் பட்டப்பின் டிப்ளோமா நடத்துகிறது.

இந்தத் துறை ஓர் அநீதியின் வடுவிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை அரச சுகாதார சேவை "ஆய்வு" என்ற பெயரில் சிகிச்சையின்றி வைத்திருந்து பார்த்தது. பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கொடுக்கவில்லை. அம்பலமானதும் நாடு அதிர்ந்தது. 1974இல் சட்டம் வந்தது. 1979இல் வெளியான பெல்மொன்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்று கோட்பாடுகளை வகுத்தது. தஸ்கீகி என்ற அந்த ஊரின் பெயர் இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது. பொரளையும் அப்படிப் பாடமாக வேண்டும் என்றால், அதை ஆய்வாக எழுதுபவர்கள் வேண்டும்.

நமது மரபுக்கும் இது அந்நியமல்ல. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி மூளை இறப்பு பற்றித் தீர்மானித்தபோது, மருத்துவர்களின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே பிக்ஹ் அறிஞர்கள் முடிவு சொன்னார்கள். இரு தரப்புக்கும் மற்றவரின் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்பதற்கு அப்பால் நமது வீடுகளில் பேச்சு நகர்வதில்லை. அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இது முதல் பட்டத்துக்குப் பதிலான படிப்பும் அல்ல. மருத்துவமோ, சட்டமோ, விஞ்ஞானமோ, ஷரீஆவோ படித்து முடித்த ஒருவர் அதன் மேல் கட்டும் மாடி இது. ஓலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பேருவளை நளீமிய்யாவிலும் கற்று வெளியேறும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மறைக்கக்கூடாத ஓர் உண்மையும் உண்டு. வெளிநாட்டுக் கட்டணம் பெரியது. முடித்ததும் டாக்டர் தொழில் போல நிச்சயமான வேலை காத்திருக்காது. வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள அறநெறி மீளாய்வுக் குழுக்கள், அமைச்சுகளின் ஆலோசனைக் குழுக்கள், சர்வதேச அமைப்புகள், ஊடகம் ஆகியவையே இவர்களின் களம். தனிக் குடும்பத்தால் சுமக்க முடியாததை ஊரின் ஸகாத் நிதியமும் பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து சுமக்கலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் என்று தொடங்கினாலும் பத்து ஆண்டுகளில் நிலைமை மாறும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படிப் படித்த பத்துப் பேர் 2020இல் இருந்திருந்தாலும் எரிப்பு நின்றிருக்கும் என்று உறுதி கூற முடியாது. நிபுணர் குழுவின் பரிந்துரையே இரு மாதங்கள் கிடப்பில் கிடந்ததைப் பார்த்தோம். அரசியல் விருப்பம் கெட்டிருந்தால் அறிவு மட்டும் போதாது. ஆனால் "இது விஞ்ஞானம்" என்ற போர்வை முதல் வாரத்திலேயே விலக்கப்பட்டிருந்தால், அந்த முடிவு அரசியல் முடிவாகவே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். சிங்கள, தமிழ் சகோதரர்களில் நியாயமானவர்கள் இன்னும் முன்னதாக நம்மோடு நின்றிருப்பார்கள்.

உறுப்பு தானம், மரபணுச் சிகிச்சை, நோயாளரின் தரவு, செயற்கை நுண்ணறிவு என்று அடுத்த கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த தொற்றும் ஒருநாள் வரும். அன்று கூடும் குழுவின் முன் மனுவோடு வெளியே காத்து நிற்பதா, உள்ளே ஒரு கதிரையில் அமர்ந்திருப்பதா என்பதை இன்று நமது வீடுகளில் எடுக்கும் முடிவுகள் தீர்மானிக்கும்.