ஏரிக்குக் குறுக்கே கொடிக்கயிறு கட்டாதீங்க

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க எருமை காலில் தூண்டில் நரம்பு சுத்திக்கிச்சு. தினமும் நாலு மணிக்கு அது ஏரியில இறங்கும், மதகுப் பக்கத்திலிருந்து கலங்கல் வரைக்கும் நீந்திட்டுத் தானா ஏறி வரும். அன்னைக்குக் கரையில பட்டணத்துத் தம்பிங்க நாலு பேர் ஆறு ராடு நட்டு வச்சிருந்தாங்க. ஆறு நரம்பும் துணி காயப்போடுற கொடி மாதிரி விறைப்பா தண்ணிக்கு மேலேயே போகுது. எருமை நெஞ்சுல ஒண்ணு மாட்டி, அது மிரண்டு திரும்ப, நரம்பு முன்னங்காலைச் சுத்தி, ராடு ஸ்டாண்டோட தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் இடுப்பளவு தண்ணியில இறங்கி அரிவாளால நரம்பை அறுத்தேன். குளம்புக்கு மேல தோல் கிழிஞ்சிருந்தது. கரையேறினதும் தம்பி ஒருத்தர் சொன்ன முதல் வார்த்தை, "ஐயா, அது எட்டாயிரம் ரூபா ராடு."

அந்த எருமை என்ன விலைன்னு நான் சொல்லலை. சொல்லியிருக்கணும்.

இதைப் படிக்கிற நீங்க, "ஆமா, இந்த ஊர்சுத்திப் பசங்களையே ஏரிக்குள்ள விடக்கூடாது"ன்னு எழுத வேண்டாம். நான் எட்டு வயசுலேயே மூங்கில் கம்பும் மயில் இறகுத் தக்கையுமா அந்தக் கரையில உக்காந்தவன். மீன் பிடிக்க வர்றவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபம் ஒரு தப்பான பாடத்து மேல. "நரம்பு விறைப்பா இருந்தாத்தான் கடி தெரியும்"னு யாரோ வீடியோவில சொல்லிக் கொடுத்திருக்காங்க. தம்பிங்க அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. மீனும் கிடைக்கலை, மாட்டுக்கும் காயம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ராடு முனை தண்ணிக்கு மேல ஒரு மீட்டர் உயரத்துல இருக்கு. குண்டு நாற்பது மீட்டர் தள்ளி, ரெண்டு மீட்டர் ஆழத்துல கிடக்கு. நரம்பை முறுக்கிக் கட்டினா அது நேர்கோடு. மூணு மீட்டர் இறக்கம் நாற்பது மீட்டர் தூரத்துல. அப்போ கரையிலிருந்து பதிமூணு மீட்டர் தாண்டித்தான் நரம்பு தண்ணியைத் தொடும். மிச்சம் இருபத்தேழு மீட்டரும் நடுத்தண்ணியில சாய்ஞ்சு தொங்கும். இருபத்தேழு மீட்டர் வேலி! இரை என்னவோ சுண்டைக்காய் அளவு. வேலி கட்டிட்டு விருந்துக்கு வா வான்னு கூப்பிட்டா எவன் வருவான்?

எங்க ஏரியில குத்தகைதாரர் விடுறது கட்லா, ரோகு, மிர்கால். கூடவே மீசை வச்ச சாதாக்கெண்டை. கிராமத்துல கெண்டைன்னா விரல் நீளக் குளத்துக் கெண்டைதான் முதல்ல ஞாபகம் வரும், இதுங்க வேற. முதல் மூணும் வடக்கே கங்கைப் பக்கத்துச் சரக்கு. மீசைக்காரன் 1939ல இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தவன், அப்புறம் 1957ல பாங்காக் வகை வந்து அதுதான் சமவெளிக் குளம் எல்லாம் பரவுச்சு. இதுல மிர்காலும் சாதாக்கெண்டையும் தரையில மேயும். ரோகு நடுத்தண்ணி. கட்லா மேல்தண்ணி. இப்போ அந்த இருபத்தேழு மீட்டர் நரம்பு யார் வழியில கிடக்குன்னு பாருங்க. கட்லா வந்து முதுகுத் துடுப்பால இடிக்கும். ராடு முனை வெடுக்குன்னு ஆடும். தம்பி "கடிச்சிருச்சு"ன்னு கத்திச் சுண்டுவார். ஒண்ணும் இருக்காது. ஆனா கூட்டமே கலைஞ்சு போயிருக்கும். அன்னைக்கு நான் பார்த்த நேரத்துல அப்படிப் பதினோரு தடவை சுண்டினாங்க. ஒரு மீன் இல்லை.

கெண்டைக் குடும்பத்து மீனுக்குக் காது கூர்மை. காத்துப்பையிலிருந்து உள்காதுக்குச் சின்னச் சின்ன எலும்பு கோத்து வச்சிருக்கான் ஆண்டவன். அது போதாதுன்னு உடம்பு பக்கத்துல அதிர்வு பிடிக்கிற கோடு வேற. விறைச்ச நரம்பு காத்துல விம்முறது நமக்கே கையில தெரியுது, அதுக்குத் தெரியாதா?

இங்கிலாந்துல கெண்டை பிடிக்கிறவங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. பேக்லெட்னு பேரு. பின்குண்டுன்னு வச்சுக்குங்க. வீசி முடிச்சப்புறம் ராடு முனைக்குக் கீழே நரம்புல இன்னொரு சின்ன எடையை மாட்டி இறக்கிவிடுறது. அது கரையோரத்துலேயே நரம்பைத் தரைக்கு அழுத்திடும். அதுக்கப்புறம் குண்டு வரைக்கும் நரம்பு சேத்துல படுத்துக்கிடக்கும். மேலே மீன் தாராளமா போகும் வரும்.

இதை முதல்ல கேட்டப்போ நானும் சிரிச்சேன். வெள்ளைக்காரன் பொழுதுபோகாம பண்றதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் டிராக்டர் ஷெட்டுல கிடந்த பழைய நட்டு ஒண்ணை எடுத்து, கட்டுக்கம்பியை எஸ் மாதிரி வளைச்சு மாட்டி, நட்டுல சணல் கட்டி மறுமுனையைக் கரை முளையில முடிஞ்சேன். கொக்கியை நரம்பு மேல தொங்கவிட்டுச் சணலைத் தளர்த்தினா நட்டு நரம்போடவே வழுக்கி உள்ள போய் உக்காரும். மீன் இழுத்தா நரம்பு கொக்கிக்குள்ள தடையில்லாம ஓடும். சணலை இழுத்தா நட்டு கைக்கு வந்துடும். கம்பி முனையை மட்டும் அரத்தால தேய்ச்சு மழுக்கணும், இல்லாட்டி நரம்பை அறுத்துடும். செலவு பூஜ்யம். எட்டாயிரம் ரூபா ராடுக்கும் அதே நட்டுதான்.

ஒரு விஷயம் முக்கியம். நட்டை மட்டும் போட்டுட்டு ரீலை முறுக்கினா பிரயோஜனம் இல்லை. ஏரித் தரை மேடும் பள்ளமும்தானே. விறைச்ச நரம்பு மேட்டுக்கு மேடு தாவி நிக்கும். ராடு முனையைத் தண்ணிக்குள்ள முக்கி ரெண்டு சுத்து சுத்தி நரம்பை முங்கவிட்டு, அப்புறம் ஒரு பாகம் நரம்பு தளர்வா விடணும். "அப்போ கடி எப்படித் தெரியும்?" கேப்பீங்கன்னு தெரியும். ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவுல நரம்புல நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டையை ஒட்டித் தொங்கவிடுங்க. மீன் இழுத்துட்டு ஓடினா உருண்டை ஏறும், கரைப்பக்கம் வந்தா இறங்கும். சுண்டினா உதிர்ந்துடும். பேட்டரி வச்ச மணி தேவையில்லை.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது. அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி நானும் வீடியோக்காரன் ஆயிடுவேன். எங்க ஏரி வடக்குக் கோடியில வெட்டின கருவேல மரத்து அடிக்கட்டை நிறைய இருக்கு. அங்க நரம்பைத் தரையில படுக்கவிட்டா மீன் ஓடுற ஓட்டத்துல கட்டையைச் சுத்திக்கும். நரம்பும் போச்சு, வாயில முள்ளோட மீனும் போச்சு. அந்தப் பக்கம் கிட்டத்துலேயே தக்கை போட்டுப் பிடிங்க. ரொம்பக் கனமான நட்டும் வேணாம், கடி கரைக்கு வந்து சேராது. மாடு இறங்குற துறையில படுக்க வச்ச நரம்பும் கூடாது, விறைச்ச நரம்பும் கூடாது. அங்க தூண்டிலே கூடாது.

பின்னல் நரம்புன்னு ஒண்ணு இப்போ எல்லாரும் வாங்குறாங்க. இழு பலம் ஜாஸ்தின்னு பெருமை. அது தண்ணியை விட லேசு, மிதக்கும். சாதா நைலான் மெதுவா முங்கும், ஃப்ளூரோகார்பன் சீக்கிரம் முங்கும். தரையில படுக்கணும்னா மிதக்குறதை ஏன் வாங்கணும்? எருமை காலைக் கிழிச்சதும் அந்தப் பின்னல் நரம்புதான்.

வேடந்தாங்கல் எங்க ஊருக்குப் பக்கம். நீங்க டிசம்பர், ஜனவரியில குழந்தைங்களோட போய் போட்டோ எடுக்குற நாரையும் நீர்க்காகமும் அங்கயே சாப்பிடுறது இல்லை. சுத்துப்பட்டு ஏரிக்கும் வயலுக்கும் வந்துதான் இரை எடுத்துட்டுப் போகுது. போன வருஷம் நாணல்ல ஒரு நீர்க்காகம் றெக்கையில நரம்பு சுத்தித் தலைகீழாத் தொங்கிச்சு. நான் பாக்கும்போது உசுரு இல்லை. மேல்தண்ணியில நரம்பு கட்டினா முங்கி நீந்துற பறவைக்கு அது கண்ணிதான். ஈயமும் அப்படித்தான். அன்னப்பறவைங்க முழுங்கிச் சாகுதுன்னு இங்கிலாந்துல 1987லேயே 28 கிராம் வரைக்குமான ஈயக்குண்டுல பெரும்பாலானதை விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அவங்க பேக்லெட்டைக் கத்துக்கிட்டா இதையும் சேத்துக் கத்துக்குங்க. இரும்பு நட்டே போதும்.

குத்தகை எடுத்தவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்கன்னு தனியா சொல்லணுமா? குஞ்சு விட்டுக் காசு போட்டவர் அவர்.

அப்புறம் அறுந்த நரம்பு. சிக்கினா அறுத்துத் தண்ணியிலேயே விட்டுட்டுப் போறீங்க இல்லையா, அது எங்கேயும் போகலை. கோடையில ஏரி வத்தினதும் நாங்க வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கிறோம். வண்டலோட உங்க நரம்பும் வருது. ரோட்டாவேட்டர் ஓட்டும்போது தண்டுல சுத்தி, இறுகி, ஆயில் சீலைக் கிழிச்சு உள்ள போயிடும். எண்ணெய் ஒழுகிறப்போதான் தெரியும். இந்தச் சொர்ணவாரிக்கு உழவு ஓட்டினப்போ எனக்கு அதுதான் நடந்தது. ரெண்டு நாள் வேலை நின்னுச்சு. கழட்டினப்போ கைப்பிடி அளவுக்கு நரம்பு வந்தது, பச்சை, மஞ்சள், வெள்ளைன்னு மூணு நிறத்துல. அதை மாட்டுக்கொட்டாய் ஆணியில மாட்டி வச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு வர்ற தம்பிங்க வந்து பாக்கலாம். பக்கத்துலேயே ஒரு டப்பாவில நட்டும் வளைச்ச கொக்கியும் வச்சிருக்கேன், வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க. போகும்போது திருப்பி வச்சிடணும்.