தவறணையும் தோட்டத்துப் பெண்ணும்

1979ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வெளியான மதுவரி அறிவித்தல் ஒன்று, தவறணைகளிற் பெண்களுக்கு மது விற்பதையும் அங்கு அவர்களைப் பணிக்கமர்த்துவதையும் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுள், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின்பேரில், அந்நீக்கமே இரத்துச் செய்யப்பட்டது. தடை மீண்டதைப் பண்பாட்டின் வெற்றியெனக் கொண்டாடியோர், சம்பள நாளின் மாலையிற் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பசறையிலும் மடுல்சீமையிலும் மழையென்றும் அட்டைக்கடியென்றும் பாராது கொழுந்து பறித்துக் கூடை நிறைப்பவள் பெண். அவளது சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கையேற்கும் வழக்கம் மலையகத் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு கையேற்ற பணம் வீடுவந்து சேருமுன் தவறணையிற் கரைந்தபோது எந்த அறிவித்தலும் குறுக்கே நிற்கவில்லை. சாராயம் வாங்கும் உரிமை அவளுக்கில்லை. அதற்கு விலைகொடுக்கும் கடமை மட்டும் அவளுடையதாயிற்று. பெண் குடித்தாற் குடும்பம் சிதையும் என்போர், ஆண் குடித்துச் சிதைந்த லயத்துக் காம்பராக்களை எக்கணக்கிற் சேர்ப்பர்? சமத்துவம் பேசித் தடையை நீக்க முன்வந்தோரின் நியாயம் சரியானதே. ஆயினும் அந்நியாயமும் கடை வாசலோடு நின்றுவிட்டது, சம்பள மேசைவரை வரவில்லை.

அங்ஙனமாயின் முழு மதுவிலக்கே வழியெனச் சிலர் வாதிப்பர். இராஜாஜி 1937இற் சேலத்தில் மதுவிலக்கைத் தொடக்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இற் கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. வரியோ ஒத்திவைக்கப்படவில்லை! அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய விலக்கு, கள்ளச்சாராயக் கூட்டங்களையே கொழுக்க வைத்தது. இங்கும் கசிப்புக்கு உரிமப்பத்திரம் தேவையில்லை. ஆற்றோரத்துப் பற்றையே அதற்குப் போதும். தவறணையைப் பூட்டச் சொல்லும் அரசே மதுவரியையும் எண்ணி வாங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

பெண்ணின் உழைப்புக்குரிய கூலி பெண்ணின் கையிலேயே சேர்தல் வேண்டும். தோட்டத்தை அண்டித் தவறணைக்கு உரிமம் வழங்குமுன் அத்தோட்டத்துப் பெண்களின் வாக்கைக் கேட்டல் வேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை பிரித்தானியர் ஆட்சியிலேயே இந்நாட்டில் இருந்ததொன்றாகும்.