மேடையில் எத்தனை பேர்?

ராக் இசை குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பாடகரில் தொடங்கிப் பாடகரிலேயே முடிந்துவிடுகின்றன. குழுவின் மேலாளரை நம் விமர்சகர்கள் ஒரு கணக்குப்பிள்ளையாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மேடையில் யார் நிற்பது, யார் நிற்கக்கூடாது என்று பல நேரம் தீர்மானிப்பவர் அவரே.

ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் 1963இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு மேலாளரானபோது அவருக்கு வயது 19. ஆறு முகங்கள் ரசிகர் நினைவில் தங்காது என்று அவர் கருதினார். பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட்டின் தோற்றமும் அவருக்கு ஒப்பவில்லை. ஸ்டூவர்ட் மேடையிலிருந்து இறக்கப்பட்டார். ஆனாலும் 1985இல் இறக்கும்வரை அக்குழுவின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். பயணங்களில் கருவிகளுக்குப் பொறுப்பாகவும் இருந்தார். ஓல்டாம் தயாரித்த 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' 1965இல் உலகையே ஆட்டுவித்தது. வணிகக் கணக்கு தப்பவில்லைதான்.

நம்மிடையே இதற்கு நேரெதிரான ஒன்று நடந்திருக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைத் தயாரிப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. மேடையில் 19 பேர்! பிழைக்கத் தெரிந்த எந்த மேலாளரும் ஐந்து பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

கூட்டம் சேர்ப்பது எளிது, ஒலி சேர்ப்பதுதான் கடினம். சாவு வீட்டு வாசலுக்கென ஒதுக்கப்பட்ட பறையும் கானாவும் மின்கிடாரோடு மோத வேண்டும், ஆனால் ஒன்றையொன்று விழுங்கிவிடக்கூடாது. தீயில் காய்ச்சி விறைப்பேற்றும் தோலுக்கும், சுருதி பிசகாத கம்பிக்கும் இடையே டென்மா செய்த சமரசம் பற்றி நம் சிற்றிதழ்கள் இன்னும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். பாடல்களின் அரசியலைப் பேசினோம், அதுவே போதுமென்று இருந்துவிட்டோம்.

எனக்குக் குறையும் உண்டு. இந்த முயற்சியும் சினிமாவின் நிழலிலேயே வளர்ந்தது. டென்மா 2019இல் ரஞ்சித் தயாரித்த படத்துக்கும், 2022இல் அவர் இயக்கிய 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கும் இசையமைத்தார். நல்ல இசைதான். ஆனால் தனிமேடை அதனால் மெலியுமோ என்ற அச்சம் எனக்கு நீங்கவில்லை.

குழுவின் ராப் பாடகர் அறிவு அரக்கோணத்துக்காரர். எங்கள் வாலாஜாபாத்தில் ரயிலேறினால் காஞ்சிபுரத்துக்கு அப்பால் வரும் ஊர். அவர் எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் எங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். பிறகு அறிவின் முகத்தோடு அவ்விதழ் தனியாக ஒரு மின்னட்டையை வெளியிட்டது.