உங்கள் சந்தேக நபரைக் காப்பாற்றிப் பாருங்கள்

மாணவர்களே, கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கொலை வழக்கு மூன்று மணி நேரம் நடந்தது. பயப்பட வேண்டாம். கடையில் வாங்கி வந்த ஒரு பெட்டிக்குள் இருந்த வழக்குதான் அது. வாசிப்பறையில் ஒரு பணக்காரப் பெரியவர் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கிறார். அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து போகும் ஐந்து பேர்மேல் சந்தேகம். வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கைரேகை அட்டைகள், வங்கிக் கணக்கு, பழைய கடிதங்கள் என்று பெட்டி நிறையக் காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டி மூடிய ஓர் உறை. விடை அதற்குள் இருந்தது.

பத்தாவது நிமிடத்திலேயே நான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். இறந்தவரின் அண்ணன் மகன்தான். அவனுக்குத் தலைக்கு மேல் கடன். வாசிப்பறைக் கதவின் கைப்பிடியில் அவன் கைரேகை. சித்தப்பா நலமாக இருக்க வேண்டும் என்று பாசத்தோடு அவன் எழுதிய கடிதம்கூட எனக்கு நடிப்பாகவே தெரிந்தது.

ஒரே ஒரு காகிதம் மட்டும் இடித்தது. கொலை நடந்த இரவு அவன் வேறு ஊருக்குப் போன ரயில் டிக்கெட். இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் மகன் அதை எடுத்துக் காட்டி, "அப்பா, அப்ப இந்த டிக்கெட்டு?" என்று கேட்டான். "போலீஸை ஏமாற்ற அவனே வாங்கி வைத்திருப்பான்" என்று சொல்லிவிட்டேன். உறையைத் திறந்தோம். அண்ணன் மகன் நிரபராதி. டிக்கெட் உண்மையானது. மூன்று மணி நேரம் நான் செய்தது விசாரணையே இல்லை. முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஆதாரம் தேடியிருக்கிறேன்.

இத்தகைய விளையாட்டை ஆட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு முறையாவது ஆடுங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் நான் ஆடியதுபோல் ஆடாதீர்கள்.

உற்றறிதலும் ஊகித்தலும்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அறிவியல் பாடத்தில் வந்த உற்றறிதல், ஊகித்தல் ஆகிய சொற்கள் நினைவிருக்கும். இடைநிலைப்பள்ளியில் அவற்றையே பெமெர்ஹாத்தியான், இன்ஃபெரென்ஸ் என்று எழுதுகிறீர்கள். என் தவறை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கதவில் இருந்த ரேகையும் அட்டையில் இருந்த ரேகையும் ஒத்திருக்கின்றன. இது உற்றறிதல். அவன் எப்போதோ அந்தக் கதவைத் தொட்டிருக்கிறான். இது ஊகம், நியாயமான ஊகம்தான். அவன் அன்றிரவுதான் தொட்டான் என்பதற்குப் பெட்டிக்குள் எந்தத் தடயமும் இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன். அந்த ஐந்து பேரும் வீட்டுக்கு வந்து போகிறவர்கள். ஐவரின் ரேகையும் அங்கே இருக்கக்கூடும். எல்லார்மேலும் பொருந்தும் தடயம் யாரையும் காட்டிக் கொடுக்காது.

இந்தப் பழக்கம் எனக்கு மட்டும் உரியதல்ல. பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். சோதனையில் பங்கெடுத்தவர்கள் வேறு எண்களைச் சொல்லிப் பார்க்கலாம். விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் பதில் கிடைக்கும். 8, 10, 12 என்றார்கள். பொருந்தும். 20, 22, 24 என்றார்கள். அதுவும் பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று நம்பிக்கையோடு முடித்தார்கள். தவறு. சிறியதிலிருந்து பெரியதாகப் போகும் எந்த மூன்று எண்களும் சரி என்பதுதான் விதி. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் அவர்களின் கருதுகோள் அங்கேயே உடைந்திருக்கும். பெரும்பாலோர் அப்படிக் கேட்கவில்லை. தாங்கள் நினைத்ததற்கு "ஆம்" என்ற பதில் வரும் கேள்விகளையே கேட்டார்கள். இதை உறுதிப்படுத்தல் சார்பு என்பார்கள்.

கிளூடோ ஏன் நல்ல ஆசிரியர்?

உங்களில் பலர் கிளூடோ ஆடியிருப்பீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த அந்தோணி பிராட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கிய இந்த விளையாட்டு 1949இல் கடைக்கு வந்தது. 6 சந்தேக நபர்கள், 6 ஆயுதங்கள், 9 அறைகள். பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 324 சாத்தியங்கள். மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு 6 அட்டைகள் கிடைக்கும். உங்கள் கையில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு இருந்தால், மிச்சம் 4 நபர்கள், 4 ஆயுதங்கள், 7 அறைகள். அதாவது பகடையை உருட்டும் முன்பே 324 என்பது 112 ஆகிவிடுகிறது. "இதுதான் நடந்தது" என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. "இது நடக்கவில்லை" என்பதை மட்டும் வைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்.

அதன் பிறகும் அப்படித்தான். நீங்கள் ஒரு கருதுகோள் சொன்னால், எதிரே இருப்பவர் ஓர் அட்டையைக் காட்டி அதை உடைக்கிறார். நம் ஊகம் தோற்கும்போதெல்லாம் நாம் விடைக்கு ஓர் அடி நெருங்குகிறோம். அறிவியலும் இப்படித்தான் நகர்கிறது.

பெட்டியில் வரும் வழக்குக் கோப்பு விளையாட்டில் அந்த எதிராளி இல்லை. காகிதங்கள் வாய் திறந்து மறுக்காது. நீங்கள் எப்படிக் கதை கட்டினாலும் பேசாமல் இருக்கும். அதனால் அந்த எதிராளியின் வேலையையும் நீங்களே செய்ய வேண்டும்.

நிபுணர்களுக்கும் நடந்தது

"விளையாட்டில் தவறினால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். விளையாட்டில் ஒன்றுமில்லை. 2004 மார்ச் 11ஆம் தேதி ஸ்பெயினின் மட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிக்கச் செய்யும் கருவிகள் இருந்த ஒரு பையில் பாதி தெளிவான கைரேகை ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ அதைத் தன் கணினித் தொகுப்பில் தேடி, ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரின் ரேகை என்று அறிவித்தது. ஒருவர் சொன்னதை மற்ற நிபுணர்களும் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். அது பொருந்தவில்லை என்று ஸ்பெயின் காவல்துறை ஏப்ரல் மாதமே தெரிவித்தது. ஆனாலும் மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டு, இரண்டு வாரங்கள் காவலில் இருந்தார். அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகே அவர் விடுதலையானார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது.

எப்படி நடந்தது? அமெரிக்க நீதித்துறையின் விசாரணை அறிக்கை 2006இல் வெளிவந்தது. இரண்டு ரேகைகளுக்கும் உண்மையிலேயே அபூர்வமான ஒற்றுமை இருந்தது. அந்த ஒற்றுமையைக் கண்ட பின், வழக்கறிஞரின் ரேகையில் இருந்த கோடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு, தெளிவில்லாத ரேகையில் அவற்றைத் தேடிக் "கண்டுபிடித்தார்கள்". பொருந்தாத இடங்களுக்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். என் ரயில் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். அதே தவறுதான். ஆனால் இந்த முறை சிறையில் இருந்தவர் காகித மனிதர் அல்ல.

அடுத்த முறை இப்படி ஆடுங்கள்

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் சந்தேக நபர்கள், மேலே தடயங்கள். ஒவ்வொரு தடயமும் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறதா, முரண்படுகிறதா என்று குறியுங்கள். பிறகு பொருந்தும் குறிகளை எண்ணாதீர்கள். முரண்படும் குறிகளை எண்ணுங்கள். மிகக் குறைந்த முரண்பாடு உள்ளவரே வலுவான சந்தேக நபர். எல்லாரிடமும் ஒரே குறி வாங்கும் தடயத்தைத் தள்ளி வையுங்கள்.

இரண்டாவதாக, இரண்டு குழுவாகப் பிரிந்து தனித்தனியாகப் படியுங்கள். பெயரைத் தாளில் எழுதி மடித்து வைக்கும்வரை பேசாதீர்கள். தடயவியலிலும் இரண்டாவது நிபுணரிடம் முதல் நிபுணரின் முடிவைச் சொல்லாமல் சரிபார்க்கச் செய்யும் முறை உண்டு. வீட்டில் இது இன்னும் அவசியம். அப்பா சொன்னார், அக்கா சொன்னாள் என்று தம்பி வாயை மூடிக்கொள்வான். எங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவனே அவன்தான்.

மூன்றாவதாக, விடை உறையைத் தொடும் முன் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக மாறிப் பத்து நிமிடம் வாதாடட்டும். அவரைக் காப்பாற்ற எல்லா முயற்சியும் செய்த பிறகும் காப்பாற்ற முடியவில்லை என்றால், உங்கள் முடிவுக்கு மதிப்பு உண்டு.

கொலையை விளையாட்டாக்கலாமா என்று சில பெற்றோர் தயங்கலாம். அவர்கள் கேட்பது நியாயம்தான். வயதுக்கு ஏற்ற பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். திருட்டு வழக்கு, காணாமல் போன ஓவியம் என்றும் கிடைக்கின்றன. ஒரு முறை விடை தெரிந்தால் மறுமுறை ஆட முடியாது என்பதும் உண்மை. காகிதங்களைக் கிழிக்காமல் ஆடி, அடுத்த வீட்டு நண்பருக்குக் கொடுங்கள். பள்ளி அறிவியல் கழகம் ஒன்று வாங்கி வைத்தால் பல குழுக்கள் ஆடலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பெட்டியில் தேவையான தடயங்கள் எல்லாம் இருக்கும், விடை ஒன்றுதான், அதுவும் உறைக்குள் தயாராக இருக்கும். செராஸில் காவல்துறைத் தடயவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும், பெட்டாலிங் ஜெயாவில் வேதியியல் துறையில் வேலை செய்பவர்களுக்கும் அப்படி ஓர் உறை கிடைப்பதில்லை.

நமக்கும் கிடைப்பதில்லை. ஒரு குற்றச் செய்தி வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவரின் படம் வருகிறது. "இவன்தான், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது" என்ற வரியோடு வருகிறது. பத்தாவது நிமிடத்தில் நான் அண்ணன் மகனைக் குற்றவாளியாக்கியது இப்படித்தான். அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்பும் முன், என் மகன் கேட்டதை நீங்களும் கேளுங்கள்: "அப்ப இந்த டிக்கெட்டு?" பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.